கடல் கேட்ட வீடு

எங்கள் கருவடிக்குப்பம் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் கடல் கேட்கும்.

பேரில்தான் குப்பம், கடற்கரை ஊர் இல்லை. கிழக்கே நடந்து முத்தியால்பேட்டையைத் தாண்டி, சோலை நகர் மணலை மிதிக்க எங்கள் சின்னக் கால்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருந்தும் கேட்கும். எழுபதுகளின் தொடக்கம் அது. தெருவில் மின்விசிறி ஓடிய வீடுகள் இரண்டோ மூன்றோ. திண்ணையில் பாய் போட்டுப் படுத்தால் முதலில் தவளைகள், பிறகு சித்தானந்த சாமி கோயில் பக்கத்து மரங்களில் காற்று, எல்லாம் அடங்கிய பிறகு அது. அலை விழுகிற சத்தம் குறைவுதான். விழுந்த பிறகு மணலை இழுத்துக்கொண்டு திரும்புகிற 'உஸ்ஸ்' இருக்கிறதே, அதுதான் நீளம். அது முடிவதற்குள் தூங்கிப்போவேன்.

பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்து பத்து வருஷம் இருந்தார். அவர் வந்து உட்கார்ந்த மாந்தோப்பு எங்கள் ஊரில்தான் இருந்தது. குயில் பாட்டு பிறந்த இடம் என்று பெரியவர்கள் காட்டுவார்கள். குயில் தோப்பு என்றே அதற்குப் பேர். அந்தப் பாட்டில் அவர் நேராகத் தோப்புக்குள் போய்விடுவதில்லை. காலை வெயில் பட்ட கடலையும், கரையில் அலைகள் எழுப்பும் ஓசையையும் சொல்லிவிட்டுத்தான், நகருக்கு மேற்கே உள்ள சோலைக்கு நம்மை அழைத்துக்கொண்டு வருகிறார். பள்ளியில் அதைப் படித்தபோது எனக்கு அது வர்ணனையாகவே படவில்லை. எங்கள் ஊருக்கு வருகிற வழி அப்படித்தான் இருந்தது.

நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆங்கிலச் சொல் 'வேவ்'. அப்பா ரேடியோ மெக்கானிக். முத்தியால்பேட்டையில் ஆறடிக்கு எட்டடியில் ஒரு கடை. பலகையில் சால்டரிங் இரும்பு, ஈயக் கம்பி, மூடி கழற்றிய வால்வு ரேடியோக்கள். ஒவ்வொரு ரேடியோ முகத்திலும் எம்.டபிள்யூ., எஸ்.டபிள்யூ. என்று போட்டிருக்கும். டபிள்யூ என்றால் என்ன என்று கேட்டேன். வேவ் என்றார். வேவ் என்றால்? அலை. எந்த அலை என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை; டயல் கயிற்றைச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கயிறு வழுக்கினால் முள் நகராது. நூலை இரண்டரைச் சுற்று சுற்றி, ஸ்பிரிங்கில் மாட்டி, விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். முள் கொழும்பில் நின்று அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரல் வந்தால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி.

கொழும்பு எங்களுக்குத் திருச்சியைவிடத் தெளிவாகக் கேட்டது. நடுவில் கடல் இருக்கிறதே, பிறகு எப்படி இவ்வளவு துல்லியம் என்று நான் கேட்டபோது அப்பா சொன்னார்: "கடல் இருக்கறதாலதான்டா." மத்திய அலை தரையோடு தரையாகப் போகும். மண் அதைக் குடித்துவிடும், உப்புத் தண்ணீர் குடிக்காது. இப்போது அதைப் புத்தகத்தில் படித்தும் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றுதான்: கடலின் அலை மேலேயே இன்னொரு அலை ஓடி வருகிறது, அதில் பாட்டு இருக்கிறது.

தமிழில் வானொலி அலைகளுக்கு அமைந்த பேர்கள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. சிற்றலை, மத்திய அலை, பண்பலை. யார் வைத்தார்களோ, கைகூப்பத் தோன்றுகிறது. எங்கள் ஊரிலோ இதற்கு மூன்றாவதாக ஒரு மொழியும் உண்டு. தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். அவர் கொண்டுவந்த பிரெஞ்சு ரேடியோ ஒருநாள் அப்பாவிடம் பழுதுக்கு வந்தது. முகப்பில் பே.ஓ., ஜே.ஓ., ஓ.சே. என்று மூன்று பொத்தான். அப்பா திகைத்துப்போனார். தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார்: பே.ஓ. என்றால் 'பெத்தீத் ஓந்த்', சின்ன அலை. அப்படியானால் அதுதான் சிற்றலை என்று அப்பா அதை அழுத்தினார்; வந்ததோ மத்திய அலை. பிரெஞ்சுக்காரன் மத்திய அலையைத்தான் சின்ன அலை என்கிறான். சிற்றலைக்கு அவன் வைத்த பேர் 'குட்டை அலை'; அது ஓ.சே. 'பெரிய அலை' என்று ஜே.ஓ. பொத்தான் இருந்தது, அதை அழுத்தினால் எங்கள் ஊரில் வெறும் இரைச்சல். அந்த அலையில் பேசும் நிலையங்கள் இருந்தது பெரும்பாலும் ஐரோப்பாவில். ஆனாலும் தாத்தா வீட்டுக்கு எடுத்துப்போன பிறகு அடிக்கடி அந்தப் பொத்தானைத்தான் அழுத்தி வைத்திருப்பார். என்ன தாத்தா கேக்கறீங்க என்றால், "கேட்டுக்கினு இருக்கேன்" என்பார், அவ்வளவுதான்.

அவர்தான் எனக்குச் சொன்னார், பிரெஞ்சில் கடல் அலைக்கு 'ஓந்த்' என்று சொல்ல மாட்டார்கள், 'வாக்' என்பார்கள் என்று. ஓந்த் ரேடியோவுக்கு, வாக் கடலுக்கு. அதே எழுத்தில் இன்னொரு வாக் இருக்கிறது. தெளிவில்லாதது என்று பொருள். அதன் லத்தீன் வேரைத் தேடிப்போனால் 'அலைந்து திரிகிற' என்று வருகிறது. கடல் வாக் வேறு வேர், இது வேறு வேர். பிரெஞ்சில் தற்செயலாக ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன. தமிழில் அது தற்செயல் இல்லை. அலை என்றால் கடலில் எழுவதும் அதுதான், வேலைக்காக மனுஷன் அலைவதும் அதுதான். அலைச்சல், அலைக்கழிப்பு எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். தாலுகா ஆபீஸ் வாசலில் மூன்று நாள் நின்றவனுக்குக் கடல் தெரியாவிட்டாலும் அலை தெரியும்.

ஆங்கிலத்து வேவ் வேறு மாதிரி. கை அசைப்பதற்கு அவர்களிடம் ஒரு பழைய வினை இருந்தது. கடலில் எழுவதற்குத் தனியாக வேறொரு சொல் இருந்தது. சுமார் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடல் சொல், அந்தக் கைச் சொல்லின் பக்கம் சாய்ந்து அதன் உருவத்தையே எடுத்துக்கொண்டது. நம்மிடம் அலை அடிக்கும், கை அசையும், இரண்டும் கலக்கவில்லை. ஆனால் சொல்தா தாத்தா சொன்ன கதையில் அவை கலந்தன.

இந்தோசீனாப் போருக்கு அவர் கப்பலேறியது புதுச்சேரியின் பழைய இரும்புப் பாலத்தில். 1952 புயலில் அந்தப் பாலம் போய்விட்டது. தண்ணீரில் நிற்கும் சில தூண்கள்தான் மிச்சம். கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். பாலம் வருவதற்கு முன், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலத்திலிருந்து, அந்த வேலையைச் செய்தது சலங்கு. பலகையைப் பலகையோடு தேங்காய்நார்க் கயிற்றால் தைத்த படகு, ஆணியே கிடையாது. ஆணி அடித்த படகு நம் கரை அலையில் விழுந்தால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். சின்ன வயதில் சலங்கில் ஏறியிருக்கிறார் தாத்தா. உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து மெல்ல விரித்து மூடிக் காட்டுவார்: "இந்த மாதிரி மூச்சு வாங்கும். பலகைக்கு நடுவுல தண்ணி கசியும். ஒருத்தன் அள்ளி ஊத்திக்கினே இருப்பான்." அவர் சைகோனுக்குப் போன அன்று அவருடைய அம்மா கரையில் நின்று கை அசைத்தாராம். "அலை எழும்பனா கை மறையும், எறங்கனா கை தெரியும். எண்ணிக்கினே போனேன்." எத்தனை என்று நான் கேட்டதில்லை. திரும்பி வந்தபோது அம்மா இல்லை.

இனி, இதையெல்லாம் எனக்குத் தொகுத்துக் கொடுத்தவரைச் சொல்ல வேண்டும். தினமும் காலை சோலை நகரிலிருந்து கூடையோடு வரும் மீன்காரப் பெரியம்மா. அப்பாவைத் தம்பி என்பார். புயல் காலத்தில் மீன் விற்க வரமாட்டார். அப்பா கடைக்கு வந்து வாசற்படியில் உட்காருவார், ரேடியோ கேட்க. "புதுச்சேரி, கடலூர், நாகை துறைமுகங்களில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு" என்று வருகிற வரைக்கும் பேசமாட்டார். கட்டுமரம் எடுத்துப்போன அவர் வீட்டுக்காரர் திரும்பாத நாளில் அந்தக் கூண்டு ஒன்றா, மூன்றா, ஐந்தா என்பதுதான் அவருடைய உலகம்.

அப்படி ஒருநாள் அவர் கேட்டார்: "இந்த டப்பாக்குள்ள வர்றதும் அலைன்றாங்களே தம்பி, நெசமா?"

அப்பா எழுந்து, வாசல் கொடிக்கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையை எதிரே வேப்பமரத்தில் கட்டினார். இந்த முனையைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். ஒரு மேடு கிளம்பிக் கயிற்றில் நெளிந்து ஓடி மரத்தில் முட்டித் திரும்பி வந்தது. மறுபடியும் சுண்டினார். கயிற்றின் நடுவில் துணி உலர்த்தும் கிளிப் ஒன்று மாட்டியிருந்தது. மேடு வந்தால் கிளிப் ஏறியது, போனால் இறங்கியது. இடம் மாறவில்லை.

பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "கயிறு எங்கயும் போவல, ஆட்டம்தான் போவுது," என்றார். "கடல்லயும் அப்படித்தான் தம்பி. உள்ள இருக்கறப்ப தண்ணி நம்மளத் தள்ளாது, தூக்கி எறக்கும். கரைக்கிட்ட வந்து மடங்கனாத்தான் தண்ணி வரும். அதுலதான் மரம் கவுரும்."

பின்னால் கல்லூரியில் இயற்பியல் படித்தேன். அலை என்பது பொருள் நகர்வதில்லை, ஆற்றல் நகர்வது. ஆழம் குறையும் இடத்தில் உடையும். பெரியம்மா சொன்னதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை, கணக்குதான் கூட இருந்தது. லாஸ்பேட்டையில், எங்களுக்கு அடுத்த பகுதியில்தான், கி. ராஜநாராயணன் பல வருஷம் குடியிருந்தார். கரிசல் காட்டுச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி 1982இலேயே அகராதி போட்டவர். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மாவின் ஞாபகம் வரும். அலை கனத்திருப்பதற்கு ஒரு பேச்சு, அலை நடுவில் மரம் தள்ளுவதற்குக் கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்கு ஒரு பேச்சு, கொண்டலில் வருவதற்கு ஒன்று, வாடையில் வருவதற்கு ஒன்று என்று வைத்திருந்தார். நான் எழுதி வைக்கவில்லை. இன்றைக்கு அவை பாதிகூட நினைவில் இல்லை. அதைப் பற்றி நான் வருத்தப்படாத வாரம் கிடையாது.

சோலை நகர் மணல் போனது என் கண் முன்னாலேதான். 1986 வாக்கில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள், 1989க்குள் முடிந்தது. நம் கரையில் அலை நேராக வந்து மோதுவதில்லை, சாய்ந்து வரும். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து சாய்ந்து, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திருப்பித் தரும். கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே நடக்கிறது. குறுக்கே சுவர் வந்ததும் நடை நின்றது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரை, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அதற்கும் அப்பால் கோட்டக்குப்பம் எல்லாம் வரிசையாகக் கரைந்தது. கரைவதை நிறுத்தக் கல்லைக் கொட்டினார்கள். கொட்டிய இடத்துக்கு அடுத்த கரை கரைந்தது. அங்கேயும் கொட்டினார்கள். கட்டுமரத்தை இழுத்து ஏற்ற மணல் இல்லை. பெரியம்மாவின் மகன் பைபர் போட்டுக்கு மாறி அதை நிறுத்த வேறு இடம் தேடிப் போனார். நானும் ஒருநாள் போய் அந்தக் கற்களின் மேல் நின்று கேட்டேன். 'உஸ்ஸ்' இல்லை. இழுத்துக்கொண்டு போக மணல் இருந்தால்தானே. 'தொம்' என்று ஒரே அடி, பிறகு கல் இடுக்கில் தண்ணீர் களகளவென்று வடியும், மறுபடி 'தொம்'.

அலை என்ற சொல்லுக்கு வேலை கூடியதும் அதே காலத்தில்தான். செய்தித்தாளைப் பிரித்தால் அனுதாப அலை, ஆதரவு அலை. கவனித்திருக்கிறீர்களா, கடல் அலை அடிக்கும். தேர்தல் அலை மட்டும் வீசும், காற்று மாதிரி. மே மாதம் வந்தால் வெப்ப அலை. எங்கள் அம்மா அதற்கு அனல் என்பார், கத்திரி என்பார், அலை என்று சொன்னதே இல்லை. கடலோர ஊருக்கு 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடினால் வானிலைத் துறை அதை வெப்ப அலையில் சேர்க்கும். கையில் அலைபேசி வந்தது. அப்பா காலத்துக்குப் பின் வெகுகாலம் புதுச்சேரி வானொலி நின்ற 1215 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 247 மீட்டர்; எங்கள் தெரு முழுக்க ஒரே அலைக்குள் அடங்கிவிடும். பண்பலை 102.8க்கு அது மூன்று மீட்டருக்கும் குறைவு. அலைபேசியில் பெரும்பாலும் ஒரு சாண்தான். இந்த வரிசையில் அலை குறுகக் குறுக அது போகிற தூரமும் குறைகிறது, ஊருக்குள் நாலு கோபுரம் தேவைப்படுகிறது. கொழும்பிலிருந்து கடலைத் தாண்டி வந்ததை நினைத்துக்கொள்வேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் கிழக்கேயிருந்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். சித்தானந்த சாமி கோயில் பக்கம் குழந்தைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். பெரியம்மாவும் வந்தார், அப்போது எழுபதுக்கு மேல். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் திரை. பழந்தமிழில் திரை என்றாலும் அலைதான், தோல் சுருக்கமும் அதே சொல்தான் என்பது அந்தச் சமயத்தில் எனக்கு ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. தண்ணீர் குடித்த பிறகு சொன்னார்: "அது அலை இல்லடா கண்ணு. அலைன்னா மடங்கணும். அது மடங்கல. கடலே எழுந்து நடந்து வந்துச்சு."

சரியாகத்தான் சொன்னார். ஆழ்கடலில் ஒரு மீட்டர்கூட எழாமல், விமான வேகத்தில் வந்தது அது. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவே நூறு, இருநூறு கிலோமீட்டர். அதன் மேல் இருந்த படகுக்காரன் எதையும் உணர்ந்திருக்க மாட்டான். கரையில்தான் அத்தனையும். கற்சுவர் இருந்ததால் நகரம் தப்பியது என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள். எந்தக் கல்லால் அடுத்த கரையின் மணல் போயிற்றோ அதே கல். வீராம்பட்டினமும் காரைக்காலும் பட்டதை நினைத்தால் அந்தப் பேச்சை மேலே வளர்க்க மனம் வரவில்லை. ஆழிப்பேரலை என்று தமிழில் அழகாக எழுதினார்கள். பெரியம்மா கடைசிவரை சுனாமி என்றுதான் சொன்னார். அலை என்ற சொல்லை அதற்குக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை.

2021இல் இருந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ. அந்த மே மாதத்தில் எல்லோர் வாயிலும் இரண்டாவது அலை. எங்கள் ஊர்ச் சுடுகாட்டுக்கு வண்டிகள் வந்தபடி இருந்தன. முதல் நாள் எண்ணினேன், இரண்டாம் நாள் எண்ணினேன், பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டேன். கி.ரா. காலமானதும் அந்த மாதம் 17ஆம் தேதிதான், முதுமையில். இடைசெவலுக்குக் கொண்டுபோனார்கள். ஊரடங்கில் லாஸ்பேட்டை வரை போய் ஒரு கும்பிடு போட முடியவில்லை. "அலை எப்ப ஓயறது, தலை எப்ப முழுகறது" என்று எங்கள் அம்மா எதற்கெடுத்தாலும் சொல்லும் பழமொழி அந்த நாட்களில் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. வேடிக்கைக்குச் சொன்ன பழமொழி அது, அப்போது அப்படிப் படவில்லை.

2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டை இறக்கினார்கள். அலை அதில் தன் வேகத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டுக் கரைக்கு வரும், மணல் தங்கும். தங்கியது. வெறும் கல்லாக இருந்த கடற்கரையில், முப்பது வருஷத்துக்கு மேல் காணாமல்போன மணலில், என் பேத்தி கால் வைத்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டது. சின்னதாக, ஆனால் அதேதான். "இன்னா தாத்தா, தூங்கறியா?" என்று உலுக்கினாள்.

ஆனால் அது நகரத்தில். கருவடிக்குப்பத்தில் பல வருஷமாகக் கடல் கேட்பதில்லை. தோப்பு இருந்த பக்கமெல்லாம் வீடுகள். ஈ.சி.ஆர். சாலையில் ராத்திரி முழுக்க லாரி, எந்த வீட்டிலும் ஏ.சி. இரைச்சல்.

2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் எங்கள் பக்கத்திலேயே கரையேறியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. வாசலில் முழங்கால் தண்ணீர். மின்சாரம் போயிற்று, அலைபேசிக் கோபுரமும் செத்தது. மறுநாள் ராத்திரி மழை விட்டிருந்தது. தெருவில் ஒரு விளக்கு இல்லை, ஒரு மோட்டார் இல்லை, சாலையில் வண்டி இல்லை. மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டுப் படுத்தேன். முதலில் தவளை. எங்கேயிருந்தோ வந்துவிட்டிருந்தன. அப்புறம் ஓட்டிலிருந்து சொட்டு. அப்புறம், கிழக்கே.

மனைவியை எழுப்பினேன். "கேக்குதா?"

அவளும் முத்தியால்பேட்டைக்காரிதான். எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் காது கொடுத்தாள்.

"கேக்குது," என்றாள். "கல்லுல அடிக்குது."